டீ விலை ஏறுகிறது... பழி மட்டும் தேயிலை மேலே!

காலையில் எழுந்ததும் பேப்பர் பார்க்காதவர்கள் இருக்கலாம். டீ குடிக்காதவர்கள் தமிழ்நாட்டில் குறைவு. கட்டட வேலைக்குப் போகிறவருக்கு டீயும் ஒரு பன்னும்தான் காலைச் சாப்பாடு. ஆட்டோ ஓட்டுகிறவருக்கு அது பத்து நிமிட ஓய்வு. கல்லூரி மாணவனுக்கு அரியர் சோகத்தை ஆற்றும் மருந்து!

அந்த டீயின் விலைதான் சத்தமில்லாமல் ஏறிக்கொண்டே போகிறது. சென்னையில் பல கடைகளில் 12 ரூபாய்க்கு விற்ற டீ 2025 செப்டம்பர் 1 முதல் 15 ரூபாய் ஆனது. ஒரே நாளில் 25 சதவீத உயர்வு. "ஏண்ணே விலை ஏறிடுச்சு?" என்று கேட்டால் மாஸ்டர் கையை விரிக்கிறார். "எல்லாம் ஏறிடுச்சு தம்பி... தூள் விலை தெரியுமா?"

இந்தக் கடைசி வரியில்தான் தப்பு இருக்கிறது. மாஸ்டர் வேண்டுமென்றே பொய் சொல்லவில்லை. ஆனால் ஊர் முழுக்க இதையே நம்பிக்கொண்டிருக்கிறது. நம்பிவிட்டு, மிச்சம் பிடிப்பதாக நினைத்து விலை மலிவான கலப்படத் தூளை வாங்கிக்கொண்டு போகிறது.

ஒரு கிளாஸ் டீயின் கணக்கு

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு காஸ்ட் ஷீட் தெரியும். முதலில் மூலப்பொருள், அப்புறம் கூலி, அப்புறம் மற்ற செலவு. அதே முறையில் ஒரு கிளாஸ் டீக்கும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கடைக்குக் கடை கொஞ்சம் மாறும். தோராயமாக இப்படி வைத்துக்கொள்ளுங்கள்.

தூள்: ஒரு கிலோவில் 300 டீ. கிலோ 300 ரூபாய் என்றால் ஒரு டீக்கு 1 ரூபாய்.

பால்: ஒரு டீக்கு 70 மில்லி. லிட்டர் 60 ரூபாய் என்றால் 4 ரூபாய் 20 காசு.

சர்க்கரை: 10 கிராம். கிலோ 45 ரூபாய் என்றால் 45 காசு.

கேஸ்: 19 கிலோ சிலிண்டர் 1,800 ரூபாய், அதில் 1,200 டீ என்றால் 1 ரூபாய் 50 காசு.

கூட்டினால் 7 ரூபாய் 15 காசு. மீதி 7 ரூபாய் 85 காசில்தான் கடை வாடகை, மாஸ்டர் சம்பளம், கிளாஸ் கழுவுகிறவர் கூலி, கரண்ட் பில், முதலாளியின் வீட்டுச் செலவு எல்லாம் அடங்க வேண்டும். மெயின் ரோட்டில் கடை என்றால் வாடகையே பாதியைத் தின்றுவிடும். ஆகவே டீக்கடைக்காரர் கொள்ளை அடிக்கிறார் என்று கத்துவதில் அர்த்தமில்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 15 ரூபாய் டீயில் தேயிலையின் பங்கு ஒரே ஒரு ரூபாய். ஏழு சதவீதம்கூட இல்லை. பெயர் மட்டும் டீ... விலையில் பெரிய பங்கு பாலுக்கும் வாடகைக்கும் நெருப்புக்கும்!

தேயிலை விலை ஏறவே இல்லையா?

ஏறியது. மறைக்க வேண்டியதில்லை. 2024 மே மாதம் அசாமில் கடும் வெயில், அதைத் தொடர்ந்து வெள்ளம். 2023-ல் சுமார் 139 கோடி கிலோவாக இருந்த இந்தியத் தேயிலை உற்பத்தி 2024-ல் 128 கோடி கிலோவாகக் குறைந்தது. சரக்கு குறைந்தால் விலை ஏறும், இது பிளஸ் ஒன் பொருளாதாரப் பாடம். அந்த ஆண்டு சராசரி விலை ஏறக்குறைய 18 சதவீதம் ஏறி, கிலோ 198 ரூபாயைத் தாண்டியது.

18 சதவீதம் என்றால் பயமாகத்தான் இருக்கும். ரூபாயில் பார்த்தால் கிலோவுக்குச் சுமார் 30 ரூபாய். அதை 300 டீயால் வகுத்தால்? பத்து காசு!

அசாமில் வெயிலும் வெள்ளமும் சேர்ந்து அடித்த அடி, ஒரு கிளாஸ் டீயில் பத்து காசு. இடையில் பாக்கெட் போடுகிறவர், மொத்த வியாபாரி, சில்லறைக் கடை என்று ஆளுக்குக் கொஞ்சம் வைத்தாலும் இருபது, முப்பது காசைத் தாண்டாது. போர்டில் ஏறியதோ மூன்று ரூபாய். மிச்சத்தைத் தேயிலையின் தலையில் கட்டுவது எந்த ஊர் நியாயம்?

அப்படியானால் எது ஏறியது?

முதலில் பால். 2022 நவம்பரில் ஆவின் ஆரஞ்சு நிறப் பாக்கெட் லிட்டர் 48 ரூபாயிலிருந்து 60 ரூபாய் ஆனது. அட்டைதாரர்களுக்கு மட்டும் 46 ரூபாய் என்று விட்டுவைத்தார்கள். டீக்கடைக்கு ஏது அட்டை? அதே நேரத்தில் மாடு வளர்க்கிறவருக்குக் கொடுக்கும் கொள்முதல் விலை லிட்டருக்கு 3 ரூபாய்தான் கூடியது. பசும்பால் 32-லிருந்து 35. குடிப்பவர் பக்கம் 12, கறப்பவர் பக்கம் 3. இந்த ஒரு உயர்வு மட்டுமே 70 மில்லி பாலுக்கு 84 காசைக் கூட்டியது. தேயிலையின் பத்து காசோடு ஒப்பிட்டால் எட்டு மடங்கு.

அடுத்தது கேஸ். வீட்டு சிலிண்டருக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். கடை சிலிண்டருக்கு 18 சதவீதம். நட்சத்திர ஹோட்டலுக்கும் அதே 18, மூலைக்கடை பாய்லருக்கும் அதே 18. கூலித் தொழிலாளி குடிக்கும் டீயைக் கொதிக்க வைக்கும் நெருப்புக்கு இந்த வரி தேவையா என்று சட்டசபையிலோ பாராளுமன்றத்திலோ யாராவது அழுத்திக் கேட்கட்டும்.

நீலகிரியில் நடப்பது என்ன?

இங்கேதான் கோபம் வர வேண்டும். குன்னூர், கோத்தகிரி பக்கம் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயிகள் பச்சைத் தேயிலையைப் பறித்துத் தொழிற்சாலைக்குக் கொடுக்கிறார்கள். ஒரு கிலோ தூளுக்கு ஏறக்குறைய நாலரை கிலோ பச்சை இலை வேண்டும். அந்த இலைக்குக் கட்டுப்படியாகும் விலை இல்லை என்று 2023 செப்டம்பரில் அவர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். கிலோவுக்குக் குறைந்தபட்சம் 33 ரூபாய் 50 காசு வேண்டும் என்பது கோரிக்கை.

அவர்களுக்குக் கிடைப்பது 18 ரூபாய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நாலரை கிலோவுக்கு 81 ரூபாய். அந்த இலையிலிருந்து வரும் ஒரு கிலோ தூளில் 300 டீ, 15 ரூபாய் வீதம் 4,500 ரூபாய். நாலாயிரத்து ஐந்நூறில் இலையை வளர்த்தவருக்கு 81 ரூபாய்! இரண்டு சதவீதம்கூட இல்லை.

அவர்கள் கேட்கும் 33 ரூபாய் 50 காசை அப்படியே கொடுத்தால் ஒரு டீக்கு எவ்வளவு கூடும் தெரியுமா? 23 காசு. வெறும் 23 காசு! டீயின் விலையை ஒரே ராத்திரியில் மூன்று ரூபாய் ஏற்ற முடிகிறது. இலையைப் பறித்தவருக்கு 23 காசு கொடுக்க மட்டும் யாருக்கும் வழி தெரியவில்லை.

இன்னொன்று. 2020-ல் ஊரடங்கின்போது தேயிலை விலை ஏறியது, பிறகு இறங்கியது. இறங்கியபோது எந்த ஊர் டீக்கடையிலாவது டீ விலை இறங்கியதா? ஏறும்போது தேயிலை காரணம். இறங்கும்போது தேயிலையை யாருக்கும் ஞாபகம் இல்லை.

பாக்கெட்டிலும் ஒரு வித்தை

முன்பெல்லாம் டீத்தூளை இஷ்டப்பட்ட எடையில் பாக்கெட் போட முடியாது. எந்தெந்த எடையில் விற்கலாம் என்று சட்டமுறை எடையளவு விதிகளில் ஒரு பட்டியல் இருந்தது. 2021-ல் செய்த திருத்தம் அந்தப் பட்டியலை எடுத்துவிட்டது. இப்போது பாக்கெட் அளவு கம்பெனியின் விருப்பம். விலையை ஏற்றாமல் எடையைக் குறைக்கலாம், வாங்குகிறவர் கவனிக்கவே மாட்டார்.

அதே திருத்தத்தில் ஒரு நல்லதும் உண்டு. ஒரு கிராம் என்ன விலை என்று பாக்கெட்டில் அச்சிட வேண்டும். பொடி எழுத்தில் இருக்கும், தேடிப் பார்க்க வேண்டும். பத்து ரூபாய் பாக்கெட்டையும் அரைக் கிலோ பாக்கெட்டையும் பக்கத்தில் வைத்து அந்த எண்ணைப் படித்தாலே பாதி சிக்கனம் வந்துவிடும்.

மிச்சம் பிடிக்க என்ன வழி?

1. கிராம் விலை பார்த்து வாங்குங்கள். பெரிய பாக்கெட் வாங்கிக் காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. மசாலா டப்பா பக்கத்தில் மட்டும் வேண்டாம், வாசனையை இழுத்துக்கொள்ளும்.

2. தண்ணீரைக் கண்ணளவில் ஊற்றாமல், குடிக்கிற டம்ளரால் அளந்து ஊற்றுங்கள். தூளை முதலில் தண்ணீரில் கொதிக்க விட்டு, சாறு இறங்கிய பிறகு பால் சேர்த்தால் குறைந்த தூளே போதும். பாத்திரத்தை மூடி வைத்தால் கேஸ் மிச்சம்.

3. டீயில் அதிகச் செலவு பால். ஆகவே ஒரு நாளில் மூன்று டீ குடிப்பவர் ஒன்றை வரட்டீயாக மாற்றலாம். இஞ்சி தட்டிப் போட்டு, இறக்கியபின் எலுமிச்சை பிழிந்தால் பால் ஞாபகமே வராது. அறையில் போட்டுக் குடித்தால் தூளும் சர்க்கரையும் கேஸும் சேர்த்து 2 ரூபாய்க்குள் முடியும். மாதம் 30 டீயில் மிச்சம் 390 ரூபாய். மூன்று ரூபாய் விலை உயர்வால் நாளுக்கு மூன்று டீ குடிப்பவருக்குக் கூடும் மாதச் செலவு 270 ரூபாய்தான். உயர்வு முழுவதும் ஈடாகி மேலும் 120 ரூபாய் கையில் நிற்கும்.

4. "சர்க்கரை கம்மி" என்று சொல்லிப் பழகுங்கள். வீட்டில் காசும் மிச்சம், எங்கே குடித்தாலும் உடம்புக்கும் நல்லது.

5. ரேஷன் கடையில் கிடைக்கும் ஊட்டி டீயை ஒருமுறை முயன்று பாருங்கள். நீலகிரியில் 16 கூட்டுறவுத் தொழிற்சாலைகளைச் சேர்த்து நடத்தும் இண்ட்கோசர்வ் தயாரிப்பு அது. இலை கொடுப்பவர்கள் அதே சிறு விவசாயிகள்தான்.

6. செய்யக் கூடாதது ஒன்று உண்டு. ஊர் பேர் இல்லாத மலிவான உதிரித் தூளை வாங்காதீர்கள். ஏற்கனவே கொதித்து வீசிய தூளைக் காயவைத்துச் சாயம் ஏற்றி விற்பது பழைய தொழில். தேயிலைக் கழிவைக் கட்டுப்படுத்த 1959-லேயே தனி ஆணை போட வேண்டியிருந்தது என்றால் பாருங்கள். ஒரு வடிதாளில் தூளைப் பரப்பித் தண்ணீர் தெளியுங்கள். தாளில் உடனே வண்ணக் கறை பரவினால் அது சாயம். காந்தத்தை ஓட்டினால் இரும்புத் துகள் இருந்தால் ஒட்டிக்கொள்ளும். ஒரு டீயில் ஒரு ரூபாய்தான் தூள். அதில் கால் ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் வயிற்றைக் கெடுத்துக்கொள்ள வேண்டுமா?

சிக்கனம் மட்டும் போதுமா?

போதாது. மேலே சொன்னதெல்லாம் அடுப்பும் நேரமும் உள்ளவர்களுக்கு. சாரத்தின் மேல் நின்று செங்கல் வாங்குகிறவர் எங்கே போய் வரட்டீ போடுவார்? அவருக்குக் கடை டீதான், வேறு வழியில்லை. நாளுக்கு நாலு டீ என்றால் மூன்று ரூபாய் உயர்வு அவருடைய மாதக் கணக்கில் 360 ரூபாய்.

அவருக்காகவாவது சரியான கேள்வி எழ வேண்டும். பால் விலை 12 ரூபாய் ஏறும்போது மாட்டுக்காரருக்கு ஏன் 3 ரூபாய்? மூலைக்கடை அடுப்புக்கு ஏன் 18 சதவீத வரி? பச்சைத் தேயிலைக்கு ஏன் இன்னும் கட்டுப்படியாகும் விலை இல்லை? இவற்றைக் கேட்காமல் "தேயிலை விலை ஏறிடுச்சு" என்று தலையாட்டிக்கொண்டிருந்தால், அடுத்த உயர்வுக்கும் அதே பதில்தான் தயாராக இருக்கும்.

அடுத்த முறை போர்டில் விலை மாறும்போது மாஸ்டரோடு சண்டை வேண்டாம். 23 காசை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இலையைப் பறித்தவர் கேட்பது அவ்வளவுதான்!