கண்ணால் காணாத வாடிக்கையாளரும் நமது சரக்கும்

விற்கத் தெரிந்தவர் என்றால் பேசத் தெரிந்தவர் என்ற எண்ணம் நம்மிடையே நெடுநாளாக இருந்து வருகிறது. வாசலில் நிற்பவரை உள்ளே அழைத்து, பாய் விரித்து உட்கார வைத்து, பத்து உருப்படிகளைப் பிரித்துக் காட்டி, பதினோராவதை வாங்கச் செய்பவரே கைதேர்ந்த விற்பனையாளர் என்று கொள்கிறோம். இப்பொழுதோ சரக்குகள் கைப்பேசியிலேயே விலையாகின்றன. வாங்குபவர் வாசலுக்கு வருவதில்லை. அவர் முகக்குறிப்பை நாம் அறிவதற்கும் வழியில்லை. ஆகவே பழைய விற்பனைத் திறமைக்கு இனி இடமில்லை என்றும், விலையைக் குறைப்பவரே வெல்வார் என்றும் நமது அங்கத்தினர் பலர் சோர்ந்து பேசுகின்றனர். இக்கருத்தை நாம் ஏற்பதற்கில்லை. பழைய வணிகரின் நற்பழக்கங்கள் இணைய விற்பனைக்கு முன்னினும் மிகுதியாக வேண்டப்படுகின்றன என்பதும், அவற்றைத் தனி ஆளைவிடச் சங்கமே செவ்வனே காக்க முடியும் என்பதும் நமது துணிபு.

கண்ணால் காணாத வாடிக்கையாளருக்குத் துணி விற்பது கடலூர்ச் சீமைக்குப் புதிதன்று. 1690-ஆம் ஆண்டில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியார் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராத்தியரிடமிருந்து விலைக்கு வாங்கி, அதற்குச் செயிண்ட் டேவிட் கோட்டை என்று பெயரிட்டனர். அவர்களை இக்கரைக்கு இழுத்தவற்றுள் தலையாயது துணி. சுற்றுப்புறத் தறிகளில் நெய்தவை இங்கிருந்து கப்பலேறி, பல மாதங்கள் கடலில் சென்று, இலண்டனில் ஏலத்தில் விலையாயின. அங்கே உடுத்தியவரை இங்கே நெய்தவர் கண்டதில்லை. இருவரையும் பிணைத்து நின்றது மாதிரித் துணி ஒன்றே. இன்ன நீளம், இன்ன அகலம், இன்ன நெருக்கம் என்று காட்டும் மாதிரி முன்னரே ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கும். வந்த துணிகளை அம்மாதிரியோடு ஒப்பிட்டு, முதல் தரம், இரண்டாம் தரம், கழிவு என்று பிரித்தனர். கடல் கடந்து சென்றது வாய்ப்பேச்சு அன்று. மாதிரிக்கு இணங்கிய சரக்கே சென்றது.

அவ்வரலாற்றில் கசப்பான பாடமும் ஒன்று உண்டு. தரம் பிரிக்கும் அதிகாரம் நெசவாளர் கையில் இல்லை. கம்பெனியார் கையிலும் அவர்களுடைய வணிகர் கையிலும் இருந்தது. நல்ல துணியையும் தாழ்ந்த தரமென்று தள்ளி விலையைக் குறைக்கிறார்கள் என்ற குறை அக்காலத்திலேயே எழுந்தது. இன்றைய நிலையை எண்ணிப் பார்ப்போம். பெரிய இணைய வணிக நிறுவனங்களின் பக்கத்தில் நமது சரக்கை வைக்கும்போது, நட்சத்திரக் குறியிட்டுத் தரம் சொல்பவர் வாங்குபவர். எந்தச் சரக்கை முன்னே காட்டுவது, எதைப் பின்னே தள்ளுவது என்று தீர்மானிப்பவர் அந்நிறுவனத்தார். சரக்கு வெளியே செல்லுமுன் நாமே தரம் பிரிக்கத் தவறினால், சென்ற பின்னர்ப் பிறர் பிரிப்பர்; அதன் நஷ்டம் நம்மைச் சாரும்.

மாதிரிக்கு அடுத்தபடியாகப் பழைய வணிகம் நம்பியது எண்ணை. பண்ருட்டி முந்திரிப் பருப்பை எடுத்துக்கொள்வோம். 240, 320 என்று வியாபாரிகள் வழங்கும் எண்கள் வெறும் பெயர்கள் அல்ல. ஒரு ராத்தல் எடையில், அதாவது ஏறத்தாழ 454 கிராமில், எத்தனை முழுப் பருப்புகள் அடங்கும் என்பதையே அவை குறிக்கின்றன. 320 என்றால் 300 முதல் 320 வரை. 240 என்றால் 220 முதல் 240 வரை. எண் குறையக் குறையப் பருப்பு பெரிது, விலையும் உயர்வு. பம்பாயில் இருப்பவரும் துபாயில் இருப்பவரும் பண்ருட்டிப் பருப்பைக் காணாமலே வாங்குவதற்கு இவ்வெண்ணே துணை நிற்கிறது. நூலுக்கும் இவ்வாறே. ஒரு ராத்தல் நூலில் 840 கெஜ நீளமுள்ள சிட்டா எத்தனை அடங்குகிறதோ அதுவே நூலின் நம்பர். குறிஞ்சிப்பாடித் தறிகளில் கைலி நெய்யும் நமது அங்கத்தினர் நூலின் நம்பரைக் கேளாமல் பாவு ஓட்டமாட்டார். ஆனால் அதே கைலியை இணையத்தில் விற்கும்போது, ‘அருமையான கைலி, உயர்ந்த தரம்’ என்று மட்டும் எழுதி நிறுத்திவிடுகிறோம். நமக்கு நூல் விற்பவரிடம் நாம் கேட்கும் விவரத்தை, நம்மிடம் துணி வாங்குபவருக்குச் சொல்லாதிருப்பது எவ்வகையில் நியாயம்?

துணி மூட்டையைத் தோளில் சுமந்து தெருத் தெருவாக விற்ற வியாபாரியைப் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அவருடைய முறைகளை ஒவ்வொன்றாக நோக்கினால் இக்காலத்துக்குரிய வழி தானே விளங்கும். அவர் சேலையைத் திண்ணை வெளிச்சத்தில் விரித்துக் காட்டினார். முந்தானையும் கரையும் உள்பக்கமும் தெரியப் புரட்டினார். இணையத்தில் அவ்வேலையைப் படம் செய்ய வேண்டும். விளக்கொளியில் மெருகேற்றி எடுத்த படத்தில் அரக்கு சிவப்பாகத் தோன்றும். காலை வெயில் ஏறுமுன் வெளியில் வைத்து, உள்பக்கத்தையும் கரையையும் தனித்தனியே எடுத்த படமே நேர்மையான படம். அவர் முழம் போட்டு அளந்து காட்டினார். நாம் நீளம், அகலம், எடை ஆகிய மூன்றையும் எழுத வேண்டும். யாருக்கு வேண்டும், கல்யாணத்துக்கா, அன்றாடம் உடுத்தவா என்று கேட்ட பிறகே அவர் மூட்டையை அவிழ்த்தார். நாமும் வாட்ஸ்அப்பில் வினவுபவருக்கு விலைப்பட்டியலை அனுப்பிவிட்டு ஓயாமல், தேவையைக் கேட்டறிந்து அன்றே விடை தர வேண்டும். தொட்டுப் பார்க்கும் இன்பத்தைக் கைப்பேசியால் தர இயலாது என்பது மெய்யே. மொத்தமாக வாங்க விரும்பும் கடைக்காரருக்கு இரண்டு விரற்கடை அகலத் துண்டுகளைத் தபாலில் அனுப்பி அக்குறையையும் ஓரளவு தீர்க்கலாம்.

விளைபொருள் விற்கும் அங்கத்தினருக்கும் இம்முறையே பொருந்தும். பழைய அரிசியா, புது அரிசியா என்பது நமது வீடுகளில் அரிசிக்காரரிடம் கேட்கும் முதற்கேள்வி. புது அரிசி குழையும் என்பது சமைப்பவர் அறிந்தது. சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கத்துச் சம்பா அரிசியை இணையத்தில் விற்போர், எந்த மாதம் அறுத்தது, எத்தனை மாதம் இருப்பில் இருந்தது என்ற இரண்டையும் எழுதினால், நகரத்தில் இருப்பவர் அக்கேள்வியைக் கேட்காமலே விடை பெறுவார். பலாப்பழத்தைத் தட்டிப் பார்த்தே பண்ருட்டியில் வாங்குவர். தட்டிப் பார்க்க இயலாதவருக்கு, இன்னும் எத்தனை நாளில் பழுக்கும் என்பதை நாமே தட்டிப் பார்த்துச் சொல்லியனுப்புவது கடமை.

குறையைச் சொல்லி விற்பது நஷ்டம் என்று அஞ்சுவோர் உளர். அவர்களுக்கு ஒரு செய்தியைக் கூற விரும்புகிறோம். 1958-ஆம் ஆண்டில் வில்லியம் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க வணிகர், ஏற்றுமதியாளர் கேப்டன் சி. பி. கிருஷ்ணன் நாயரிடம் ‘மெட்ராஸ்’ என்று பெயர்பெற்ற கட்டம்போட்ட கைத்தறித் துணியை வாங்கிச் சென்றார். சாயம் கரையும் துணி ஆதலின் குளிர்ந்த நீரில் மென்மையாக அலச வேண்டும் என்று நாயர் சொல்லியனுப்பினார். அவ்வெச்சரிக்கை அங்கிருந்த சட்டைக் கடைக்குப் போய்ச் சேரவில்லை. வாங்கியவர்கள் மற்றத் துணிகளோடு சேர்த்துத் துவைக்க, சாயம் கரைந்து புகார்கள் குவிந்தன; வழக்குத் தொடுக்கும் பேச்சும் எழுந்தது. பின்னர், துவைக்குந்தோறும் நிறம் கலந்து புதுத் தோற்றம் கொள்ளும் துணி இது என்று வெளிப்படையாக விளம்பரம் செய்தவுடன், அதே துணியை விரும்பிக் கேட்டு வாங்கினர். நாயர் பிற்காலத்தில் பலமுறை எடுத்துரைத்த வரலாறு இது. துணி மாறவில்லை, சொல்லாமல் விட்டபோது குற்றமாயிருந்தது, சொன்னபோது குணமாயிற்று. நமது கைத்தறியிலும் இங்கொன்றும் அங்கொன்றுமாக இழை தடித்திருக்கும். கையால் நெய்த துணிக்கு அது இயல்பு என்று முன்னரே எழுதிவிட்டால், அது புகாராகத் திரும்பி வராது.

திரும்பி வரும் சரக்கின் பாரத்தைக் கணக்கிட்டுப் பார்ப்பது நலம். ஒரு கைலியை அனுப்பக் கூரியர் செலவு 60 ரூபாய், திரும்பப் பெற 60 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பத்தில் ஒன்று திரும்பினால் 120 ரூபாய் நஷ்டம். எஞ்சிய ஒன்பதின் தலையில் தலைக்கு 13 ரூபாய் சொச்சம் விழும். பத்தில் மூன்று திரும்பினால் நஷ்டம் 360 ரூபாய். எஞ்சிய ஏழின் தலையில் தலைக்கு 51 ரூபாய்க்கு மேல் ஏறும். கூலியை உயர்த்திக் கேட்கும்போது இல்லையென்று சொல்லப்படும் பணம் இவ்வழியிலன்றோ கரைகிறது! மேலும், 2020-ஆம் ஆண்டின் மின்னணு வணிகத்துக்கான நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, பழுதுள்ள பொருளையும், விளம்பரத்தில் சொன்னதற்கு மாறான பொருளையும் திரும்பப் பெற மறுக்க விற்பவருக்கு உரிமையில்லை. வாங்கியவர் போல் நடித்து நமது சரக்கை நாமே புகழ்ந்து எழுதுவதையும் அவ்விதிகள் தடுக்கின்றன.

சிதம்பரத்தில் ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் தரிசனத்துக்கும் கூட்டம் கூடும்போது தேர் வீதிகளில் இருவகை வியாபாரிகளைக் காணலாம். வெளியூரிலிருந்து வந்து, திருவிழா முடிந்ததும் கடையைக் கட்டிக்கொண்டு போகிறவர் ஒருவகை. வாங்கியவரை மீண்டும் காணப்போவதில்லை என்ற துணிவு அவர்களுட் சிலருக்கு உண்டு. ஆண்டு முழுதும் அதே வீதியில் கடை வைத்திருப்பவர் மற்றொரு வகை. நாளைக்கும் அதே முகங்களில் விழிக்க வேண்டியவராதலால் அவர் அளவிலும் சொல்லிலும் தவறமாட்டார். இணையத்தில் வாங்குபவர் முகந்தெரியாதவராதலின், அவரைத் திருவிழாக் கூட்டத்து ஆளாக எண்ணுவது பெரும்பிழை. அவர் தமது அனுபவத்தை ஊரறிய எழுதி வைத்துவிட்டுப் போகிறார். அவருக்குப் பின் வரும் ஒவ்வொருவரும் அதைப் படித்த பிறகே நம் கடைக்குள் நுழைகின்றனர். இணையமும் தினந்தோறும் நாம் நடந்தாக வேண்டிய ஒரே தெருதான். வணிகருக்குரிய அறத்தை வள்ளுவர் நடுவு நிலைமை என்னும் அதிகாரத்தில் வைத்ததன் நுட்பம் இங்கே புலனாகிறது.

இவ்வொழுக்கத்தைத் தனி நெசவாளர் ஒருவர் காப்பது எளிதன்று. அவர் தறியில் இருக்கும் நேரத்தில் படம் எடுப்பார் யார், வினாவுக்கு விடை தருவார் யார்? இங்கேதான் சங்கத்தின் கடமை தொடங்குகிறது. 1935-இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் நிறுவனம் இணையத்தின் வழியும் விற்று வருகிறது. நெய்தவரின் பெயரும் படமும் தாங்கிய சீட்டைச் சேலைகளோடு இணைக்கும் முறையையும் அது மேற்கொண்டது. யார் நெய்தார் என்று தெரிவது, தெருவில் வந்த வியாபாரியின் முகம் தெரிவதற்கு ஒப்பாகும். விசைத்தறித் துணி கைத்தறியென்று பெயர் சூட்டிக்கொண்டு இணையத்தில் உலவும் இந்நாளில், 2006-இல் வந்த கைத்தறி முத்திரையும், 2015-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 7-ஆம் நாள் சென்னையில் தொடங்கப்பெற்ற இந்தியக் கைத்தறி முத்திரையும் பயனுடையவையே. ஆயினும் முத்திரை வெளியே ஒட்டுவது; அதற்கு மதிப்புத் தருவது உள்ளே இருக்கும் சரக்கு.

ஆகவே நமது சங்க நிர்வாகிகள் நான்கு காரியங்களை மேற்கொள்ள வேண்டுகிறோம். முதலாவது, நெசவாளர் ஒருவர், பயிரிடுவோர் ஒருவர், விற்பனை எழுத்தர் ஒருவர் ஆகிய மூவர் கொண்ட தரக்குழு அமைத்து, அக்குழு பார்க்காத எதையும் இணையத்தில் ஏற்றாதிருத்தல். இரண்டாவது, ஒவ்வொரு உருப்படிக்கும் அளவு, எடை, நூல் நம்பர், சாய இயல்பு, துவைக்கும் முறை, நெய்தவர் பெயர் ஆகியவற்றை எழுதிய சீட்டு இணைத்தல். விளைபொருளாயின் தரம், அறுவடை மாதம், எடை ஆகியவற்றை எழுதுதல். மூன்றாவது, திரும்பி வந்த சரக்குக்குத் தனிப் பதிவேடு வைத்து, காரணத்தோடு மாதந்தோறும் நிர்வாகக் குழுக் கூட்டத்தில் படித்தல். நான்காவது, வாங்கியவர் இசைவுடன் அவர்களது பெயரையும் விருப்பத்தையும் சங்கத்தின் சொந்தப் பேரேட்டில் குறித்து, தீபாவளி, பொங்கலுக்கு முன் நினைவூட்டல். வாடிக்கையாளர் பட்டியல் முழுவதும் பிறருடைய நிறுவனத்தில் இருக்குமானால், வாடிக்கையும் அவர்களுடையதாகிவிடும்.

அங்கத்தினர்களுக்கும் ஒரு சொல். உங்கள் உருப்படியைத் தரக்குழு இரண்டாம் தரமென்று ஒதுக்கும்போது மனம் நோகும், வருமானமும் குறையும். எனினும், அப்படி ஒதுக்குவோர் உங்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள்; ஒதுக்கிய காரணத்தை அவர்களிடம் நேரில் கேட்கலாம், வாதாடலாம். தேவனாம்பட்டினத்தில் துணி கொண்டு நின்றவர்களுக்கு அவ்வுரிமை கிடைக்கவில்லை. அதை நாம் இன்று பெற்றிருப்பது கூட்டுறவினால். அடுத்த பேரவைக் கூட்டத்தில் இவ்விஷயத்தை எடுத்துக்கொண்டு, தீபாவளிச் சரக்கு வெளியேறுமுன் தரக்குழுவை அமைத்துவிடுமாறு வேண்டுகிறோம்.