பதினாறு கட்டங்களும் ஒரு நியாயமும்



கைப்பேசி விளையாட்டு என்றாலே காலத்தைக் கொல்லும் கருவி என்று தள்ளிவிடுவோர் நம்மிடையே உண்டு. பிள்ளை அழாமல் இருந்தால் போதும் என்று எதை வேண்டுமாயினும் கையில் கொடுத்துவிடுவோரும் உண்டு. இவ்விரு சாராருமே விளையாட்டை ஆராய்ந்து பார்ப்பதில்லை. நூலில் நல்லதும் தீயதும் இருப்பது போன்றே விளையாட்டிலும் உண்டு. ஆகவே, சில்லுகளை நகர்த்தி ஆடும் ஓர் ஆட்டத்தை எடுத்துக்கொண்டு, அதன் நிறையையும் குறையையும் இம்மாதம் சீர்தூக்கிப் பார்ப்போம். அதன் பெயர் ‘த்ரீஸ்’. அமெரிக்கரான ஆஷர் வோல்மரும் கிரெக் வோல்வென்ட்டும் உருவாக்க, ஜிம்மி ஹின்சன் இசையமைக்க, 2014 பிப்ரவரியில் வெளிவந்தது.

ஆட்டத்தின் விதிகள் மிகச் சில. நான்குக்கு நான்காகப் பதினாறு கட்டங்கள். அவற்றில் எண் எழுதிய சில்லுகள் கிடக்கும். விரலால் மேல், கீழ், இடம், வலம் என ஏதேனும் ஒரு திசையில் தள்ளினால், நகரக்கூடிய சில்லுகள் யாவும் ஒரே ஒரு கட்டம் நகரும். நீல நிறத்து 1, சிவப்பு நிறத்து 2-ஓடு மட்டுமே கூடி 3 ஆகும். அதன்பின் தன்னையொத்த எண்ணோடுதான் கூட இயலும்: 3-உம் 3-உம் 6, 6-உம் 6-உம் 12, இவ்வாறே 24, 48, 96 என்று இரட்டித்துக்கொண்டே போகும். ஒவ்வொரு முறை தள்ளும்போதும் எதிர் ஓரத்திலிருந்து புதிய சில்லு ஒன்று நுழையும். நகர்த்தவும் கூட்டவும் வழியற்றுக் கட்டங்கள் நிரம்பிவிட்டால் ஆட்டம் முடிந்தது.

இதன் சிறப்புகள் யாவை?

முதலாவது, இங்கே அவசரம் இல்லை. கடிகாரம் விரட்டுவதில்லை. ஒரு நகர்த்தலுக்கு ஒரு நிமிடம் சிந்தித்தாலும், ஒரு நாள் முழுதும் சிந்தித்தாலும் ஆட்டம் பொறுமையோடு காத்திருக்கும்.

இரண்டாவது, வரப்போகும் சில்லின் நிறம் முன்னரே மேலே காட்டப்படுகிறது. எந்த வரிசையில் நுழையும் என்பது மட்டும் மறைவு. ஆயினும் புதிய சில்லு, நகர்ந்த வரிசைகளுள் ஒன்றில்தான் நுழையும். ஒரே ஒரு வரிசை மட்டும் நகருமாறு தள்ளினால், அது அங்கேதான் வந்தாக வேண்டும். தேர்ந்தவர்கள் இதனையே கருவியாக்கிக்கொள்வர். அதிர்ஷ்டத்தின் ஆட்சியைச் சிந்தனையால் சுருக்க முடியும் என்பது இங்கே கண்கூடாகத் தெரிகிறது.

மூன்றாவதையே நான் மிகவும் மெச்சுகிறேன். விரலை எடுக்காமல் சில்லுகளைப் பாதி தூரம் தள்ளி, என்ன நேரும் என்று பார்த்துவிட்டுப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து விடலாம். விரலை எடுத்துவிட்டாலோ, செய்தது செய்ததுதான், மாற்ற முடியாது. செயலுக்கு முன் எவ்வளவு வேண்டுமாயினும் எண்ணிப் பார். செயலுக்குப் பின் விளைவை ஏற்றுக்கொள். இத்தகைய பயிற்சியைப் பிள்ளைகளுக்கு அளிக்கும் விளையாட்டை வீண் என்று ஒதுக்குவது எங்ஙனம்?

இனிக் குறைகளுக்கு வருவோம்.

1-உம் 2-உம் கூடும் விதி தொடக்கத்தில் குழப்பம் தருகிறது. 1-உம் 1-உம் ஏன் கூடவில்லை என்று குழந்தை கேட்கும். 2 வராமல் 1-களே வந்து குவியும்போது வல்லவரும் திணறுவர்.

அதனினும் பெரிய குறை, கைக்கெட்டும் முடிவு இல்லாமை. 3-இன் மதிப்பு 3 புள்ளி, 6-இன் மதிப்பு 9, 12-இன் மதிப்பு 27. எண் இரட்டிக்குந்தோறும் புள்ளி மும்மடங்காகிறது. ஆகவே இன்னும் ஒரு படி ஏறினால் என்ன என்ற ஆசையும் பெருகுகிறது. 6144 என்ற எண்ணுடைய சில்லுகள் இரண்டைக் கூட்டுவதே இதன் உச்சி. 2014-இல் வெளியான ஆட்டத்தின் உச்சியை ஒருவர் எட்டிய செய்தி 2017-இல்தான் வந்தது! ஏனையோருக்கெல்லாம் ஆட்டம் நெரிசலில்தான் முடிகிறது. ‘வென்றேன்’ என்று எழுந்திருக்க இடமின்றி, ‘இன்னும் ஒரு முறை’ என்று அமர வைக்கிறது. பொறுமையைக் கற்றுக்கொடுக்கும் ஆட்டமே பொழுதையும் விழுங்கக்கூடும் என்பதை மறத்தலாகாது.

நிற்க. இவ்வாட்டத்தின் வரலாற்றில் நாம் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு.

இதனைச் செப்பனிட ஏறத்தாழ 14 மாதங்கள் ஆயின. பற்பல கோலங்களைப் புனைந்து பார்த்து, விதிகளைக் கூட்டியும் குறைத்தும், இறுதியில் எளிய எண்களுக்கே திரும்பி வந்தனர். விலைக்கு விற்கப்பட்ட அது வெளியான சில வாரங்களிலேயே ‘1024’ என்ற இலவச ஆட்டம் தோன்றிற்று. மார்ச் மாதத்தில், 19 வயது இத்தாலிய இளைஞரான கபிரியேலே சிருல்லி, ஒரு வார இறுதியில் ‘2048’ என்பதை அமைத்து இலவசமாக வெளியிட்டார். உலகெங்கும் பரவியது இதுவே. இன்று பலர் ‘த்ரீஸ்’ ஆட்டத்தையே நகல் என்று எண்ணுகின்றனர்.

2048-இல் சில்லுகள் ஒரு கட்டத்தோடு நில்லாமல் ஓரம் வரை வழுக்கிச் செல்லும். எல்லாம் ஒத்த எண்ணோடு கூடும். எனவே கற்பது எளிது. பெரிய எண்ணை ஒரு மூலையில் நிறுத்திக்கொண்டு ஆடினால் நெடுந்தூரம் போகலாம். புதிய சில்லு பத்துக்கு ஒன்பது முறை 2 ஆகவும், ஒரு முறை 4 ஆகவும் வருவதால், சுமார் 930 நகர்த்தல்களில் 2048 என்ற இலக்கை அடைந்துவிடலாம். எழுந்து போக ஒரு முடிவு உண்டு என்பது அதன் நற்பண்பு. சிந்தனை குறைவாகவே வேண்டும் என்பது அதன் குறை. இரு திசைகளில் மாறிமாறித் தள்ளியே வெகுதூரம் போகலாமே என்று ‘த்ரீஸ்’ படைத்தவர்களும் அவ்வாண்டு தாங்கள் வெளியிட்ட நீண்ட மடலில் வருந்தி எழுதினர்.

சிருல்லி திருடினார் என்று கூறுவது நியாயமன்று. முன்னோடிகளை அவர் மறைக்கவில்லை. ஓர் ஆட்டத்தை ஆடும் முறைக்கு அமெரிக்கக் காப்புரிமைச் சட்டம் காப்பளிப்பதும் இல்லை. அதன் ஓவியமும் எழுத்துமே காக்கப்படுகின்றன. ஆயினும், சட்டம் கேட்காத கேள்வியை மனச்சான்று கேட்கிறது. பதினான்கு மாத உழைப்பின் கனியை ஒரு வார இறுதியில் பறிக்கலாம் என்றால், நாளை எவர் பதினான்கு மாதம் உழைப்பார்? இலவசம் என்பதற்காகவே ஒன்றைத் தேர்ந்து, அதன் மூலத்தை ஆக்கியவர் யார் என்று கேளாமலிருக்கும் நமக்கும் இதில் பங்கில்லையா?

பெற்றோருக்கு என் பரிந்துரை இதுவே. எண்ணப் பழகும் வயதுக் குழந்தைக்கு 2048 ஏற்றது. சற்று வளர்ந்த பிள்ளைக்கும் உங்களுக்கும் ‘த்ரீஸ்’ சிறந்தது. ஒருவர் தனித்து ஆடும் ஆட்டம் ஆயினும், அருகில் அமர்ந்து ஆடுங்கள். பாதி தள்ளிய நிலையில் நிறுத்தி, ‘இனி என்ன நேரும்?’ என்று பிள்ளையைக் கேளுங்கள். ஆட்டம் தானாக முடிவு தராது. ஆகையால் இத்தனை ஆட்டங்கள் என்று முடிவை நீங்களே முன்கூட்டி வகுத்துவிடுங்கள். கூடவே, இதனை இயற்றியவர்களின் பெயரையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். பிறர் உழைப்பின் அருமையை அறிந்து வளரும் பிள்ளை, நாளை தன் உழைப்பிலும் நேர்மையோடு நிற்கும்.