கண்மாய்க் கரையில் தொடங்கட்டும் புவியியல்

ராஜபாளையத்தில் மொட்டை மாடி ஏறி மேற்கே பார்த்தால் மேற்குத் தொடர்ச்சி மலை; கிழக்கே திரும்பினால் தனித்து நிற்கும் சஞ்சீவி மலை. மலைத்தொடருக்கும் குன்றுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்க வேறு படம் தேவையில்லை. ஆனாலும் மலைக்கு எடுத்துக்காட்டு கேட்டால் இந்த ஊர்ப் பிள்ளை இமயமலை என்கிறது. பீடபூமிக்குத் திபெத், சமவெளிக்குக் கங்கை. மதிப்பெண் கிடைத்துவிடும். தான் நிற்பதே சமவெளிதான் என்பது மட்டும் அதற்குத் தெரியாமல் போகும்.

ஆறாம் வகுப்புப் புத்தகத்தில் நிலத்தோற்றங்கள் கண்டம், பெருங்கடல் என்று பெரியதிலிருந்துதான் தொடங்குகின்றன. பதினோரு வயதுக் குழந்தைக்கு இந்த வரிசை தலைகீழ். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பள்ளிகளாவது கண்மாயில் தொடங்கிக் கடலில் முடிக்கலாம்.

கண்மாய் என்றதும் தண்ணீர் தேங்கும் பள்ளம் என்று சொல்லிக் கடந்துவிடக் கூடாது. மலையடிவார ஓடை வரத்துக்கால் வழியாக உள்ளே வருகிறது. சரிவின் தாழ்ந்த பக்கத்தில் வளைத்துப் போட்ட மண்கரை அதை மறிக்கிறது. மடையைத் திறந்தால் வயலுக்குப் போகும். நிரம்பினால் கலுங்கு வழியே மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போகும். நிலம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைக் கணித்தவர்களின் வேலை இது. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பிள்ளைகளுக்குத் திருமுக்குளமும் இருக்கிறது. ஒன்று பாசனத்துக்குக் கரை போட்டது, மற்றொன்று கோயிலுக்காகப் படிக்கட்டோடு வெட்டியது. இரண்டும் மனிதர் உண்டாக்கியவை, ராஜபாளையத்து முடங்கியாறு அப்படியல்ல. இயற்கை நீர்நிலை, செயற்கை நீர்நிலை என்ற பாடம் இவ்வளவுதான்.

மலை உச்சிப் பாடம் இன்னும் சுவையானது. சிவகிரி மலைப்பகுதியில் பிறக்கும் பெரியாறு மேற்கே ஓடிக் கேரளத்தைக் கடந்து அரபிக் கடலில் சேர்கிறது. அதே தொடரின் கிழக்குச் சரிவில் இறங்கும் நீர் வைப்பாற்றின் துணையாறுகளாகிச் சாத்தூர் வழியாக மன்னார் வளைகுடாவை நோக்கிப் போகிறது. முகட்டுக்கு இந்தப் பக்கம் விழுந்தால் ஒரு கடல், அந்தப் பக்கம் விழுந்தால் வேறு கடல். நீர்ப்பிரிமேடு என்பதற்கு விளக்கம் எழுதி மனப்பாடம் செய்யச் சொல்லும் ஆசிரியர், ஜன்னலைத் திறந்து கையை நீட்டினாலே போதும்.

உள்ளூர் நிலத்தை அறிவது மதிப்பெண்ணோடு முடிகிற விஷயமும் அல்ல. ராஜபாளையம் அய்யனார் கோயில் ஆற்றில் குளிக்கப் போகிறவர்கள் திடீர் வெள்ளத்தில் அக்கரையில் மாட்டிக்கொள்வது அவ்வப்போது வரும் செய்தி. 2015 மே மாதம் சதுரகிரி மலையில் வந்த வெள்ளம் பக்தர்களின் உயிரையே பறித்தது. ஊரில் வெயில் அடிக்கும்போதே ஆற்றில் வெள்ளம் எப்படி வருகிறது? மழை பெய்வது மேலே. சரிவு செங்குத்து, பாறை நீரை உறிஞ்சாது, ஆற்றின் நீளமோ மிகக் குறைவு. நீர் கலங்கினால் கரையேற வேண்டும் என்று அடிவாரத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். பாடப்புத்தகம் அதற்குக் காரணம் சொல்லலாமே.

எல்லாம் உள்ளூரில் கிடைக்காது என்பதும் உண்மை. கழிமுகம், தீவு, தீபகற்பம் எல்லாவற்றுக்கும் வரைபடம்தான் கதி. அங்கேயும் வைப்பாற்றை விரலால் தொட்டுக்கொண்டே போனால் கடற்கரை வரும். தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே 21 தீவுகள் வரும். அதற்குப் பிறகு பசிபிக்குக்குப் போகலாம், அவசரமில்லை.

நாற்பது பிள்ளைகளை நீர்நிலைக்கு அழைத்துப் போவது ஆபத்து என்று தலைமையாசிரியர்கள் தயங்குவார்கள். நியாயமான பயம். நிரம்பிய கண்மாய்க்குப் போக வேண்டாம். இங்கே பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான். ஆடி, ஆவணியில் பெரும்பாலான கண்மாய்கள் வறண்டு கிடக்கும். அப்போது மடையின் வாயும், மேடிட்ட வண்டலும், நீர் தேங்கும் உள்வாயை அடைத்த சீமைக் கருவேலமும் தெளிவாகத் தெரியும். திரும்பி வந்து வரத்துக்காலும் கலுங்கும் குறித்த ஒரு படத்தைப் பிள்ளைகள் வரையட்டும். காலாண்டுத் தேர்வில் அதற்கு ஐந்து மதிப்பெண் ஒதுக்கலாம்.