ஓவியனும் நடையும்

சப்பான் நாட்டுச் சிகொக்குத் தீவில், கூக்காய் (774–835) என்னும் பௌத்தத் துறவியைப் போற்றி 88 கோயில்களை அடியார் வலம்வருவர். வழி ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். நடந்தால் 40 நாளுக்கு மேலாகும். இன்று பலர் பேருந்திலேயே செல்கின்றனர்.

இயற்கைக் காட்சி தீட்டும் ஓவியன் நடத்தலே தகும். 23ஆம் கோயிலிலிருந்து முரோத்தோ முனையிலுள்ள 24ஆம் கோயிலுக்குக் கடலோரமாக 75 கிலோமீட்டர் அளவு செல்லவேண்டும். ஊர்தியில் அமர்ந்தவன் அவ்விடைவெளியில் உறங்கிவிடுவான். நடப்பவனுக்கோ ஒரு கரைமுனையைக் கடந்தால் மற்றொன்று தோன்றும். காலையில் நீலமாய் மங்கிய மலை, மாலையில் மரமும் பாறையுமாய்ப் பிரிந்து நிற்கும். சேய்மையையும் அண்மையையும் கால்களன்றோ கண்ணுக்குக் கற்பிக்கின்றன! நிழற்படம் பார்த்து வரைவாரும் உளர். அவர் படத்தில் மலை இருக்கும், தொலைவு இராது.

மழையில் தாள் நனையுமே எனின், நனையட்டும். கோயில் வாயிலில் ஒதுங்கி நின்று அம்மழையையே வரையலாம்.