நோவாத நோய்

'உடம்பில் ஒரு நோவும் இல்லை, இரத்தத்தைச் சோதிப்பானேன்?' என்று வினவுவோர் நம் சங்கத்து அன்பர்களிலும் பலர். நோவின்றி வளர்வதே நீரிழிவின் வஞ்சகம் என்பதை முதற்கண் உணர்தல் வேண்டும்.

உண்ட சோறு சர்க்கரையாகி இரத்தத்தில் கலக்கிறது. கணையத்தில் சுரக்கும் இன்சுலின், அச்சர்க்கரையை உடல் பயன்படுத்தச் செய்கிறது. இன்சுலின் குறையினும், உடல் அதற்கு இணங்காது போயினும், சர்க்கரை இரத்தத்திலேயே மிகுந்து நிற்கும். மிக ஏறினாலன்றித் தாகமும் சோர்வும் புலப்படா. அதற்குள் விழித்திரை, சிறுநீரகம், நரம்பு ஆகியன பழுதுறக் கூடும், இருதயமும் தாக்குறும்.

உழைப்பாளிகளாகிய நம்மவர் குறிப்பாக அஞ்ச வேண்டுவது காலைப் பற்றியே. மட்டாஞ்சேரிப் பண்டகசாலைகளில் மூட்டை சுமப்போரும், ஃபோர்ட் கொச்சி தோபிகானாவில் துணி வெளுப்போரும் காலை நம்பிப் பிழைப்பவர்கள். நரம்பு மரத்துவிட்டால் ஆணி தைத்தாலும் தெரியாது. புண் புரையோடிக் காலையே எடுக்க நேரின், ஒரு குடும்பத்தின் வருவாய் நின்றுபோகும். ஆகவே இந்நோயுடையோர் இரவுதோறும் பாதங்களைப் பார்த்தல் கடமையாகும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளிவந்த ஆய்வின்படி, இந்தியாவில் வயது வந்தோரில் நூற்றுக்கு 11.4 பேர் நீரிழிவுடையோர், கேரளத்திலோ 25.5. அஃதாவது, நால்வரில் ஒருவர்!

எனினும் மனந்தளர வேண்டா. சர்க்கரை எல்லைக்கோட்டில் நின்ற 531 பேரைச் சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர் ஆராய்ந்து 2006-இல் முடிவை வெளியிட்டனர். பொதுவான அறிவுரை மட்டும் பெற்றோரில் மூன்றாண்டில் நூற்றுக்கு 55 பேர் நோயுற்றனர். உணவைத் திருத்தி நாளும் நடக்குமாறு பழக்கப்பட்டோரில் 39 பேரே. மருந்தின்றி விளைந்த நன்மை இது.

வெறும் வயிற்றில், 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் சர்க்கரை 126 மில்லிகிராமும் அதற்கு மேலும் இருந்து, மறுசோதனையிலும் அவ்வாறே காணின் அது நீரிழிவு. 100 முதல் 125 வரை எச்சரிக்கை எல்லை.

இன்னொன்று. இங்குள்ள மருத்துவமனைகளில் 'பிரமேகம்' என்பது நீரிழிவையே குறிக்கும். நம் பக்கத்தில் மேகநோய் என்றால் பொருள் வேறாதலின், அச்சொல்லைக் கேட்டு எவரும் நாணித் திரும்ப வேண்டுவதில்லை.

முப்பது வயது கடந்த அன்பர்கள், ஆடவரும் பெண்டிரும், இத்திங்களுக்குள் ஒருமுறை இரத்தத்தைச் சோதித்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம். மருந்து உண்போர், உடம்பு நன்றாயிருக்கிறதென்று தாமாக அதனை நிறுத்தலாகாது. நன்றாயிருப்பது அம்மருந்தினாலேயே.