தொழிலாளியின் குரல் மலிவுச் சரக்கா?

"உயிர் பிழைத்தாயே, அது போதாதா? குரல் கொஞ்சம் கம்மினால் என்ன?" கழுத்துக் கழலைக்குத் தைராய்டு ஆபரேஷன் செய்துகொண்டு, தொண்டை கட்டிப்போய் வீடு திரும்பும் ஏழைக்குச் சொல்லப்படும் ஆறுதல் இது. இதை ஆறுதல் என்று நாம் ஏற்கமாட்டோம். அலட்சியத்துக்குப் போர்த்திய போர்வை என்றே சொல்வோம்.

குரல் யாருக்குத் தேவை? பாடகருக்கும் வக்கீலுக்கும் மட்டும்தானா? தறிகளின் இரைச்சலில் பக்கத்துத் தோழனை எச்சரிக்க வேண்டியவனுக்குத் தேவையில்லையா? மடையைத் திறக்கச் சொல்லி வரப்பிலிருந்து கூப்பிடுகிறவனுக்கு? கூலி குறைந்தால் "ஏன்?" என்று கேட்க வேண்டியவளுக்கு? தைராய்டு நோய் ஆண்களைவிடப் பெண்களையே அதிகம் பிடிக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

விஷயம் இதுதான். தைராய்டு சுரப்பி மூச்சுக்குழாயின் முன்னால் ஒட்டியிருக்கிறது. அதன் பின்புறமாக, பக்கத்துக்கு ஒன்றாக, இரண்டு நரம்புகள் மேலேறுகின்றன. இவை நேரே குரல்வளைக்கு வருவதில்லை. கீழே இறங்கி, பெரிய ரத்தக்குழாயை வளைத்துக்கொண்டு திரும்பி வருகின்றன. குரல்நாண்களைத் திறந்து மூடுபவை இவைதான். ஒன்று கெட்டால் குரல் கரகரக்கும். தண்ணீர் குடித்தாலும் புரையேறும். இரண்டும் கெட்டால் மூச்சே அடைக்கும். கழுத்தில் துளையிட்டு மூச்சுவிட வைக்க நேரலாம். சுரப்பியின் மேல்முனையருகே ஓடும் இன்னொரு மெல்லிய நரம்பு கெட்டால் பேச்சு இருக்கும். உரக்கக் கூப்பிடும் வலு போய்விடும்.

ஆலையில் இழை அறுந்தால் தோழர்கள் ஒரு நொடியில் பிணைத்துவிடுவீர்கள். இந்த இழை அறுந்தால், தைத்தாலும் குரல்நாணின் பழைய அசைவு அப்படியே திரும்புவதில்லை. ஆகவே அறுபடாமல் காப்பது ஒன்றே வழி.

காக்க முடியாதா? முடியும். இந்த நரம்பை அறுத்தால் பன்றியின் கத்தல் நின்றுபோகிறது என்று 2-ஆம் நூற்றாண்டிலேயே கேலன் காட்டிவிட்டார். சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் கோகர் என்ற டாக்டர், நிதானமும் சுத்தமும் கொண்டு கழலை ஆபரேஷனில் சாவை வெகுவாகக் குறைத்து, 1909-ல் நோபல் பரிசு பெற்றார். நரம்பைத் தேடாமல் ஒதுங்கிப்போவதே பத்திரம் என்று பலர் நம்பியிருந்தபோது, அமெரிக்காவின் லேஹி, சுமார் 3,000 ஆபரேஷன்களின் அனுபவத்தோடு 1938-ல் எழுதினார்: ஒவ்வொரு முறையும் நரம்பைத் தேடிக் கண்ணால் பார், காயம் குறையும் என்று. இன்றும் அதுவே அடிப்படை விதி.

1935-ல் சிகாகோவில் கல்லி-குர்சி என்ற புகழ்பெற்ற பாடகிக்குக் கழலை ஆபரேஷன் நடந்தது. அந்த மேல் நரம்பு அறுபட்டே அவர் குரல் போனதென்று டாக்டர்கள் பல்லாண்டு பேசினார்கள். நரம்பையே அவர் பெயரால் அழைத்தார்கள். அது மெய்தானா என்று பிற்கால ஆய்வாளர்கள் ஐயம் எழுப்பினார்கள். ஒரு பாடகியின் குரலுக்கு இத்தனை விசாரணை! நாற்று நடுகிறவளின் குரல் போனால் ஒரு வரி எழுதுவார் உண்டா?

இப்போது நரம்பின் துடிப்பை அறிந்து சொல்லும் மின்கருவி வந்திருக்கிறது. அதை நாம் எதிர்க்கவில்லை. ஒரு பக்க நரம்பு செயலிழந்தால், மறுபக்கத்தில் கை வைக்குமுன் டாக்டரை அது எச்சரிக்கும். ஆனால் கருவி இருந்தால்தான் குரல் தப்பும் என்று பயமுறுத்திப் பணம் கறப்பதை எதிர்க்கிறோம். கண்ணால் கண்டு காப்பதைவிடக் கருவி மேலானது என்பதற்கு முடிவான சான்று இல்லை என்றே 2019-ல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு கூறியது.

அப்படியானால் எது காக்கிறது? பழகிய கை. ஆண்டுக்கு 25-க்கு மேல் இந்த ஆபரேஷன் செய்பவர்களிடம் கோளாறுகள் குறைவு என்று 2017-ல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. அதே ஆய்வில், டாக்டர்களில் பாதிப்பேர் ஆண்டுக்கு ஒன்றுதான் செய்திருந்தார்கள்! செல்வமுள்ள நாட்டிலேயே இந்த நிலை.

டாக்டர்களைக் குற்றக்கூண்டில் ஏற்ற நாம் வரவில்லை. தேர்ந்த கையிலும் எப்போதாவது காயம் நேரும். புற்றுக்கட்டி நரம்பைக் கவ்வியிருந்தால் தவிர்க்கவும் முடியாது. பல காயங்கள் சில மாதங்களில் ஆறியும்விடும். ஆனால் பயிற்சிக்கும் நிதானத்துக்கும் இடம் தராமல் விட்டுவிட்டு, விளைவை "விதி" என்பவர்களை எப்படி மன்னிப்பது?

நாம் கேட்பது பிச்சையல்ல. சென்னை மருத்துவக் கல்லூரியில் இதற்கெனத் தனித் துறை இருக்கிறது. அந்தத் தேர்ச்சி மாவட்ட ஆஸ்பத்திரிகளுக்கும் வரட்டும். ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் குரல்நாண்களைப் பரிசோதிக்கட்டும். ஆபத்து இன்னதென்று நோயாளிக்குத் தமிழில் விளங்கச் சொன்ன பிறகே கைநாட்டு வாங்கட்டும். குரல் கெட்டவருக்குக் குரல் பயிற்சியும், வேலை இழப்புக்கு ஈடும் கிடைக்கட்டும்.

தோழர்களே, கத்தியின் கீழ் படுக்குமுன் கேளுங்கள்: "ஐயா, நரம்பைப் பார்த்துத்தானே செய்வீர்கள்? இந்த ஆபரேஷன் ஆண்டுக்கு எத்தனை செய்கிறீர்கள்?" கேட்பது உங்கள் உரிமை. குரல் இருக்கும்போதே கேளுங்கள்!