வாளெடுத்த பிறகும் பேசலாம்

‘இனிஷியேட்டிவ் உருட்டியாச்சு, இனிப் பேச்சு இல்ல.’ டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பாத்திர ஆட்டத்தை ஆடும் மேசைகளில், சண்டையில் யார் முறை முதலில் என்று பகடை உருட்டியதும், வருடக்கணக்காக இந்த வசனத்தைக் கேட்டுப் பொறுமை இழந்துவிட்டேன். எதிரே நிற்கும் கொள்ளைக்காரனிடம் ‘உன் தலைவன் ஓடிட்டான், நீ ஏன் சாகணும்?’ என்று ஒரு பிள்ளை வாயெடுத்தால் போதும், ஆட்டம் நடத்துகிறவர் கையமர்த்திவிடுகிறார். அதற்குச் சொல்லும் காரணங்களில் ஒன்றுகூட நிற்காது.

நேரம் இல்லையாம். ஒரு சுற்றுக்கு 6 வினாடி. அதற்குள் ஓடலாம், வாளை உருவலாம், வெட்டலாம். ‘சரணடை’ என்று மட்டும் சொல்லக்கூடாதா?

விதியில் இடமில்லையாம். விதிநூலைத் திறந்து பார்க்கட்டும். 1981-இல் வந்த பேசிக் நூலிலேயே எதிரிகளின் மனவுறுதியைச் சோதிக்க இரண்டு பகடை உருட்ட வழி சொல்லியிருக்கிறது: சண்டையில் முதல் ஆள் விழுந்ததும் ஒரு தடவை, பாதிப் பேர் விழுந்ததும் இன்னொரு தடவை. கடைசி ஆள் வரைக்கும் வெட்டிக்கொண்டு சாவது நாமாகப் பழகிக்கொண்டது. 2024 நூலில் ஒருவரை இணங்க வைக்க முயல்வதும் வெட்டுவதைப் போல ஓர் ஆக்‌ஷன். தயங்குகிறவரிடம்தான் பகடை உருளும். அறவே மாட்டேன் என்கிறவரிடம் பலிக்காது. ஒரே உருட்டில் சண்டை முடிந்து வாள்வீரனுக்கு வேலையில்லாமல் போகும் என்று பயப்படுகிறவர்களுக்கும் பதில் அங்கேயே இருக்கிறது.

என்னை உண்மையில் கோபப்படுத்துவது வேறு. ‘சண்டைன்னா சண்டைதான், அங்க எவன் பேசுவான்?’ இலங்கை மலையகத்தின் திம்புள்ளத் தேயிலைத் தோட்டங்களில் மாசி மாதம் தப்புச் சத்தத்தோடு காமன் கூத்து பார்த்து வளர்ந்தவர்களும் இதைச் சொல்கிறார்கள்! தூதன் ஓலை கொண்டுவந்ததும் சிவனின் தவத்தைக் கலைக்க மன்மதன் புறப்படுகிறான். ரதி கண்ட கெட்ட கனவைச் சொல்கிறாள், மறிக்கிறாள், வாதாடுகிறாள். அவன் கேட்கவில்லை. விடிய விடிய உட்கார்ந்திருக்கிற சனம் அந்த வாதத்துக்காகவும்தான் உட்கார்ந்திருக்கிறது. பிறகு அம்பு, பிறகு நெருப்பு. நம் மேசைக்காரர்களின் கணக்குப்படி கூத்து அங்கேயே முடிந்திருக்க வேண்டும். முடிவதில்லை. எரித்தவரிடமே ரதி போய் நிற்கிறாள், அழுகிறாள், நியாயம் கேட்கிறாள். மன்மதன் திரும்ப வருகிறான், அவள் கண்ணுக்கு மட்டும் தெரிகிறவனாக. சிவன் தோற்கவில்லை, எரித்தது எரித்ததுதான். ரதியும் வெறுங்கையோடு போகவில்லை. முழு வெற்றிக்கும் முழுத் தோல்விக்கும் நடுவில் பேச்சு எவ்வளவு வாங்கித் தரும் என்பதைக் காமன் பொட்டலில் வருடா வருடம் நடித்துக் காட்டுகிறோம்.

அருச்சுனன் தபசுக் கூத்தையும் பாருங்கள். பன்றி மேல் பட்டது யார் அம்பு என்று வேடனோடு வாய்ச்சண்டை, அதிலிருந்து வில்சண்டை, பிறகு மல்லுக்கட்டு. வாயும் கையும் சேர்ந்தே போகின்றன.

கம்பனில் இரண்டு சேனையும் எதிரெதிரே நிற்கும்போது தம்பி வீடணன் நடந்து போய்க் கும்பகர்ணனை இராமன் பக்கம் வரும்படி அழைக்கிறான். அண்ணன் இராவணனுக்குப் பட்ட கடனை விட்டு வரமுடியாது என்று மறுத்துவிடுகிறான் கும்பகர்ணன். பகடை தோற்றது, அடுத்த ஆள் முறை என்று நம் மேசையில் தாண்டிவிடுவார்கள். ஆனால் அந்தக் கும்பகர்ணன்தான் சாகும் நேரத்தில், தன்னைக் கொல்கிற இராமனிடம், தம்பியைக் காப்பாற்று என்று கேட்கிறான். ஒரு சண்டைக்கு இதைவிடப் பெரிய திருப்பத்தை எந்த வாள்வீச்சு கொண்டுவந்துவிடும்?

பேச விரும்புகிறவருக்கு அவருடைய முறையைக் கொடுங்கள். யாரிடம், எதை வைத்து, என்ன சொல்கிறார் என்று முழுசாகக் கேட்டுவிட்டுப் பகடையை எடுங்கள்.